எடை இயந்திரமா, அளவு நாடாவா?

உடல் இளைக்க வாரக்கணக்கில் முயன்றும் கண்ணாடியில் மாற்றம் தெரியாதபோது, கைவிடாமல் இருக்க ஏதாவது ஒரு சான்று வேண்டும். அதை எதில் தேடுவது?

செலவு: நாடா மலிவு, இயந்திரம் கூடுதல். இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எளிமை: இயந்திரத்தில் ஏறி நின்றால் போதும். நாடாவுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், தோலை அழுத்தாமல் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டால் அளவு பொய்யாகிவிடும்.

நம்பகம்: விஷயமே இங்குதான் இருக்கிறது. எடை ஒரே நாளில் 1 முதல் 2 கிலோ வரை ஏறி இறங்கலாம். அது பெரும்பாலும் கொழுப்பல்ல, நீர். உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும் உடலில் நீர் தங்கும். உணவின் மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கும். ஒழுங்காக இருந்த வாரத்திலும் எண் கூடுவது இதனால்தான். தயவுசெய்து அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். நாடாவோ, தசை கூடிக் கொழுப்பு கரையும்போது, எடை அசையாவிட்டாலும் குறைவைக் காட்டிவிடும். ஆனால் அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தை நம்பாதீர்கள், அது கைத்தவறாகவும் இருக்கலாம்.

எண்ணைப் பார்த்துப் பதறாதவர்களுக்கு இயந்திரம் நல்லது: தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடலாம். காலை எடை அன்றைய பொழுதையே கெடுத்துவிடும் என்பவர்களுக்கும், பளு தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கும் என் தேர்வு நாடாதான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.