குபெலிக்கின் ‘மா வ்லாஸ்த்’: பாஸ்டன் 1971-ஆ, பிராக் 1990-ஆ?

செக் இசைக்குழு நடத்துநரும் இசையமைப்பாளருமான ரஃபேல் குபெலிக், செக் இசையமைப்பாளர் ஸ்மெடனாவின் ‘மா வ்லாஸ்த்’ (‘என் தாய்நாடு’) என்ற, ஆறு பகுதிகள் கொண்ட இசைக்குழுப் படைப்பைப் பல தடவை பதிவு செய்திருக்கிறார். எதை வாங்குவது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

சூழல்
பாஸ்டன்: 1948-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டை விட்டு வெளியேறியவர், அயல்மண்ணில் பதிவு செய்தது.
பிராக்: மூட்டுவாதத்தால் 1985-லேயே மேடையை விட்டு விலகியிருந்தார். 1989-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது. மறு ஆண்டு மே 12 அன்று, பிராக் வசந்த இசை விழாவின் தொடக்கக் கச்சேரியை நடத்தத் தாய்நாட்டில் நின்றார். 1942 முதல் 1948 வரை அவரே தலைமை ஏற்றிருந்த செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுதான் எதிரே. 42 ஆண்டு ஏக்கம் அந்த வாசிப்பில் கேட்கிறது.

ஒலி
பாஸ்டன்: துல்லியம். தொடக்கத்தில் யாழ்களின் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கேட்கும்.
பிராக்: நேரடிக் கச்சேரி, அரங்கச் சத்தமும் சேர்ந்தே வரும்.

வாசிப்பு
பாஸ்டன்: கட்டுக்கோப்பு, வேகம், பளிச்சென்ற பித்தளைக் கருவிகள்.
பிராக்: அங்கங்கே சின்னப் பிசிறுகள் உண்டு. ஆனால் அதே பெயருள்ள நதியைப் பற்றிய ‘வ்ல்தவா’ பகுதியில் நதிக்கரைக் கல்யாணத்தின் போல்கா வரும்போது, அது அவர்கள் ஊர் நடனம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

முதல் தடவை கேட்பவருக்கும், நல்ல ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கும் பாஸ்டன் சரி. படைப்பு ஏற்கெனவே பழகியவர் பிராக்கை எடுக்கலாம். ஒன்றுதான் என்றால் நான் பிராக்கைத்தான் வைத்துக்கொள்வேன்.