"ரெண்டு மாசம் கட்டாதீங்க, அப்புறம் உதவி கிடைக்கும்" என்று கார்டு கம்பெனி சொன்னால் நம்பாதீர்கள்

கிரெடிட் கார்டு கடனைக் கட்ட முடியாமல் திணறுகிறவர்கள், அடுத்து கஸ்டமர் கேருக்குப் போன் செய்யலாம் என்று யோசிக்கிறவர்கள், போன் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் போனில் கேட்ட ஒரு வார்த்தையை நம்பினேன். அதனால் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த கடன் ஐந்து மாதத்தில் எகிறியது, என் பெயரும் கெட்டது.

வேலை போய் நான்கு மாதம் சும்மா இருந்தபோது வீட்டுச் செலவு முழுவதும் கார்டில் ஓடியது. இரண்டு தடவை கார்டிலிருந்து ரொக்கமாகவும் எடுத்தேன். பொருள் வாங்கி, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. ஆனால் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. இது எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது: ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால், அடுத்து வாங்குகிற புதுப் பொருளுக்கும் அந்த வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. வேறு வேலை கிடைத்ததும் கார்டை வெட்டிப் போட்டுவிட்டு, மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டிவந்தேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு, அதற்குமேல் முடியவில்லை.

ஒன்றரை வருடம், ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினேன். அப்புறம் ஒருநாள் ஸ்டேட்மென்ட்களை எல்லாம் எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. உண்மையான தொகை வேண்டாம், கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், மினிமம் டியூ அந்தந்த மாதப் பாக்கியில் 5 சதவீதம். 18 மாதத்தில் நான் கட்டியது 81. அதில் 55 வட்டிக்குப் போய்விட்டது. அசலில் கழிந்தது வெறும் 26. இன்னும் 74 பாக்கி. மாதம் 3.5 என்று கேட்டால் சின்னதாகத் தெரிகிறது. வருடத்துக்கு 42 சதவீதம், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 51. இந்த விகிதத்துக்கு வேறு யாரிடமாவது கடன் வாங்குவீர்களா என்று கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

இது என் ஒருத்திக்கு மட்டும் நடப்பதல்ல. பிரிட்டனில் 18 மாதத்தில் அசலைவிட வட்டிக்கும் கட்டணங்களுக்கும் அதிகமாகக் கட்டியிருந்தால் அதைத் 'தீராக் கடன்' என்று கணக்கில் எடுத்து, கார்டு கொடுத்த நிறுவனமே வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று 2018இல் விதி கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்பதை ஸ்டேட்மென்டிலேயே அச்சிட வேண்டும். என் ஸ்டேட்மென்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. நானேதான் போன் செய்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "வட்டியைக் கொஞ்சம் குறையுங்கள், இப்போது கட்டுகிற அதே தொகையை விடாமல் கட்டி முடித்துவிடுகிறேன்." முதல் இரண்டு தடவையும் "அப்படி வசதி இல்லை மேடம்" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை பேசியவர் அன்பாகப் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மேடம், நீங்க ஒழுங்கா கட்டிட்டு வர்றீங்க. அதனால சிஸ்டத்துல உங்களைக் கஷ்டப்படுற கஸ்டமரா காட்டாது. ரெண்டு மாசம் பேமென்ட் வரலைன்னா அக்கவுன்ட் தானா வேற டீமுக்குப் போயிடும். அவங்க வட்டியைக் குறைச்சு தவணை போட்டுக் கொடுப்பாங்க."

எனக்குப் பெரிய நிம்மதி. அவர் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. இதை ஒரு மெயிலில் அனுப்புங்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை. 18 மாதம் ஒழுங்காகக் கட்டியவள், அவர் பேச்சை நம்பி அடுத்த மாதம் நிறுத்திவிட்டேன்.

முதல் மாதம் லேட் ஃபீஸ் விழுந்தது. இரண்டாம் மாதம் இன்னொன்று. மூன்றாம் மாதம் அந்த 'வேற டீம்' கூப்பிட்டது. வட்டிக் குறைப்பு, தவணை என்ற பேச்சே இல்லை. நிலுவை முழுவதையும் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும் என்றார்கள். உங்கள் ஆள்தான் இப்படிச் சொன்னார் என்றேன். "எங்க தரப்புல யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த அழைப்பின் பதிவைக் கேளுங்கள் என்றேன். அது உள் உபயோகத்துக்கு மட்டும், தர முடியாது என்றார்கள். பழையபடி மினிமம் கட்டத் தொடங்குகிறேன் என்றதற்கும், நிலுவை முழுவதும் கட்டினால்தான் பேச்சு என்று பிடிவாதம். இப்படி இழுபறியிலேயே இன்னும் இரண்டு மாதம் போனது. 74 ஆக இருந்த பாக்கி 90ஐத் தாண்டிவிட்டது. ஒன்றரை வருடம் வயிற்றைக் கட்டிக் கழித்த 26இல் பாதிக்கு மேல் ஐந்து மாதத்தில் கரைந்துபோனது.

அந்த மாதங்களில் வந்த போன்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஒரே நாளில் 14 அழைப்பு வந்திருக்கிறது. அலுவலகத்துக்குப் பேசி, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என் கடன் விவரத்தைச் சொன்னார்கள். அண்ணனுக்கும் போன் போனது. கடனுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஜாமீன் கையெழுத்தும் போடவில்லை. எப்போதோ விண்ணப்பத்தில் தொடர்புக்கு என்று அவர் எண்ணைக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். இதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜாமீன் போடாத உறவினர்களிடம் உங்கள் கடனைக் கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. நான் பயந்துபோய் ஒன்றையும் குறித்துவைக்கவில்லை. நீங்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் தேதி, நேரம், எந்த எண், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

அப்புறம் வந்ததுதான் செட்டில்மென்ட். "90 கட்ட வேண்டாம், 60 கட்டுங்க, ஒரே தடவையா. அக்கவுன்டை க்ளோஸ் பண்ணிடுவோம், ரெக்கார்டு எல்லாம் சரியாயிடும்." அண்ணனிடம் போய் நின்றேன். "முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். கட்டினேன். அன்று இரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஸ்டேட்மென்ட் வந்தது. ஆண்டுக் கட்டணம், அதன்மேல் லேட் ஃபீஸ், இரண்டுக்கும் வட்டி. கணக்கை மூடவே இல்லை. கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது நாம் கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் அறிக்கையை, எடுத்துப் பார்த்தால் அதில் அதைவிடக் கொடுமை. 'முழுதும் கட்டி முடித்தது' என்று இல்லை, 'செட்டில்டு' என்று இருந்தது. இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செட்டில்டு என்றால் கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்று அர்த்தம். பல ஆண்டுகளுக்கு அது ரிப்போர்ட்டில் நிற்கும். அடுத்து வீட்டுக்கடனுக்கோ வேறு கார்டுக்கோ போனால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சொல்தான். "ரெக்கார்டு சரியாயிடும்" என்று சொன்னவர் யாரோ, இன்று எங்கே இருக்கிறாரோ.

செட்டில்மென்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் கடிதம் கைக்கு வராமல் ஒரு காசும் கட்டாதீர்கள். கணக்கு எண், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்ற வார்த்தை, மீதியை இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உறுதி, கிரெடிட் ரிப்போர்ட்டில் என்னவென்று பதிவார்கள் என்பது, இத்தனையும் நிறுவனத்தின் பெயரில் வரும் கடிதத்தில் இருக்க வேண்டும். பணத்தைக் கார்டுக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ரெக்கவரி ஏஜென்ட் தருகிற வேறு கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கட்டிய பிறகு 'நோ டியூ' கடிதம், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று, கேட்டு வாங்குங்கள். மாத வட்டி ஸ்டேட்மென்ட் தேதிவரை போட்டிருப்பார்கள். நீங்கள் கட்டும் நாள்வரை இன்னும் சில நாள் வட்டி சேர்ந்து அடுத்த மாதம் தலைகாட்டும். அதனால் 'இந்தத் தேதியில் கட்டினால் மொத்தம் எவ்வளவு' என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு கட்டுவதுதான் சரி.

இன்னொரு வலையும் இருக்கிறது. பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம், வட்டி மாதம் 1.5 சதவீதம்தான் என்பார்கள். அது எப்படிப் போடுகிற வட்டி என்று கேளுங்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால் நல்லது. முதலில் வாங்கிய முழு அசலுக்கே கடைசிவரை வட்டி போட்டால், வருடம் 18 என்று சொல்வது ஒரு வருடத் தவணையில் உண்மையில் ஏறக்குறைய 32 சதவீதம். அப்படியும் கார்டு வட்டியைவிடக் குறைவுதான், ஆனால் 18 என்று நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்கூட்டி முடித்தால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்று நான் அதே இடத்தில் நின்றால் கட்டுவதை நிறுத்த மாட்டேன். மினிமம் கட்டிக்கொண்டே, வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புவேன். போனில் யார் என்ன சொன்னாலும், வைத்த உடனே "இன்ன நேரத்தில் நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், தவறென்றால் தெரிவியுங்கள்" என்று ஒரு மெயில் தட்டிவிடுவேன். அந்த ஒரு மெயில் என்னிடம் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

தனியாகப் போராடவும் தேவையில்லை. மலேசியாவில் மத்திய வங்கி அமைத்த ஏகேபிகே, சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர், பிரிட்டனில் ஸ்டெப்சேஞ்ச் என்று லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை அமைப்புகள் இருக்கின்றன. கடன் கொடுத்தவர்களோடு சேர்ந்து கட்டக்கூடிய திட்டம் ஒன்றை வகுக்க உதவுவார்கள். இந்தியாவில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். உங்கள் நாட்டில் யார் என்று தேடிவையுங்கள். ஆனால் "கடனைப் பாதியாக்கித் தருகிறோம், முதலில் எங்கள் ஃபீஸைக் கட்டுங்கள்" என்று தானாக வந்து போன் செய்கிறவர்களிடம் போய்விடாதீர்கள். எனக்கு அப்படி மூன்று பேர் போன் செய்தார்கள். கடனில் இருப்பவர்களின் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த ஆண்டுக் கட்டணத்தை நீக்க வேண்டும், கணக்கை மூடி நோ டியூ கடிதம் தர வேண்டும், பணம் கட்டிய பிறகும் ரிப்போர்ட்டில் காட்டுகிற பாக்கியைத் திருத்த வேண்டும் என்று கேட்டு, கட்டிய ரசீதோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். செட்டில்டு என்ற சொல்லை எடுக்கவும் கேட்டேன். மீதித் தொகையைக் கட்டினால் பார்க்கலாம் என்று வாய்வழியாகச் சொல்கிறார்கள், இந்தத் தடவை அதையும் எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். தபால் போய்ச் சேர்ந்து இன்றோடு 19 நாள். கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒப்புகை அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதில் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன்.