சென்னை ஐஐடி வளாகத்தில் மனபாரம் இறங்க எங்கே உட்காரலாம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

1959இல் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலம், ஏறத்தாழ 250 ஹெக்டேர். மதிலுக்கு அந்தப் பக்கம் கிண்டி தேசியப் பூங்கா. மரத்துக்கும் நிழலுக்கும் பஞ்சமே இல்லாத வளாகம். அப்படியிருந்தும் குவிஸ் வாரம், அதாவது பருவத்தின் நடுவே வரும் தேர்வு வாரம், வந்தால் ‘நிம்மதியா உட்கார ஓர் இடம் இல்லையே’ என்ற புலம்பல் எல்லா விடுதியிலும் கேட்கும். இடம் நிறையவே இருக்கிறது. எந்த இடத்துக்கு எந்த நேரம் போக வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். காலை ஆறரைக்குச் சொர்க்கமாக இருக்கும் கல் பெஞ்சில் மாலை ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாங்காது. எல்லாப் பருவத்திலும் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து எழுதியது இது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

முதல் மதிப்பெண் ஆலமரங்களுக்குத்தான். வகுப்பறைக் கட்டடங்களை ஒட்டியே பெரிய ஆலமரங்கள் நிற்கின்றன. இரண்டு வகுப்புக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியிலேயே போய்வரலாம் என்பதுதான் இவற்றின் பெரிய பலம். எவ்வளவு அழகான இடமானாலும் போய்வரவே அரைமணி ஆகும் என்றால் தேர்வு நெருக்கத்தில் யாரும் போகமாட்டார்கள். ஐந்து நிமிட நடைத் தொலைவில் ஒன்று, சாவகாசமான நாளுக்குத் தூரத்தில் ஒன்று என்று இரண்டு இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மரத்தடியில் உட்காருமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலில் அண்ணாந்து பாருங்கள். ஆலம்பழம் பழுத்திருந்தால் குயிலும் குக்குறுவானும் கூட்டமாக வந்திருக்கும். எச்சம், பழத்தோல் எல்லாம் தலையில் விழும், சத்தமும் கூடுதல். அடுத்து, தண்டைப் பாருங்கள். மழைக்குப் பின் கம்பளிப்பூச்சிகள் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சட்டையோடு சாய்ந்தாலும் அதன் ரோமம் துணியைத் தாண்டித் தோலில் ஏறும். அப்படி ஆகிவிட்டால் கையால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே இறங்கும். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்து எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடைசியாகத் தரை. முசுறு எறும்பு வரிசை போகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி உட்காருங்கள். பையில் பழைய செய்தித்தாள் ஒன்று இருந்தால் போதும், ஈரத்துக்கும் எறும்புக்கும் சேர்த்துப் பயன்படும்.

திறந்தவெளி அரங்கம், அதாவது ஓஏடி, சனிக்கிழமை இரவுப் படத்துக்குத்தான் பெயர்போனது. மற்ற நாளில் காலை எட்டுக்கு முன் அந்தப் படிக்கட்டுகளில் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். வானம் முழுதாகத் தெரியும். அறைக்குள் அடைந்தே கிடந்து மூச்சு முட்டுகிறவர்களுக்கு மரத்தடியைவிட இதுதான் நல்லது என்பது எங்கள் கணிப்பு. மாலையில் போனால் ஏமாற்றம்தான்: பகல் முழுக்க வெயில் குடித்த சிமென்ட் படி சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மார்ச் முதல் ஜூன் வரை மாலை நேரத்தில் இந்தப் பக்கமே வேண்டாம். ஜனவரியில் சாரங் என்ற மாணவர் கலைவிழா நடக்கும் நாட்களில் வளாகம் முழுவதுமே இரைச்சல்தான். அந்த வாரத்துக்கு அமைதி தேடுகிறவர்கள் வெளியே போவதே மேல்.

கடற்காற்றை வைத்துத் திட்டமிடுவது சென்னைக்காரர்களுக்கு இயல்பாக வரும், வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கடல் சில கிலோமீட்டர் தொலைவில்தான். வெயில் காலத்தில் சாதாரணமாக நண்பகல் தாண்டியதும் கிழக்கிலிருந்து காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாட்களில் அது தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அன்றைக்குத்தான் வெக்கை உச்சத்துக்கு ஏறும். ஆகவே பதினொரு மணிக்குப் புழுங்குகிறதே என்று ஒரு நிழலைக் கைவிட வேண்டாம். அதே இடம் மூன்று மணிக்கு இதமாக இருக்கலாம். கிழக்கே கட்டடம் மறைக்காத நிழலாகப் பாருங்கள்.

உட்கார்ந்தால் மனம் இன்னும் வேகமாக ஓடுகிறது என்பவர்களுக்கு நடைதான் மருந்து. மெயின் கேட்டிலிருந்து வளாகத்தின் நடுவே உள்ள கஜேந்திரா சர்க்கிள் என்ற ரவுண்டானா வரையிலான சாலை நடந்தால் அரைமணிக்குள் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் மரம். விடியற்காலையில் புள்ளிமான் கூட்டம் சாலையோரம் மேய்ந்துகொண்டிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் வெளிமானும் கண்ணில் படும். காலை ஏழரைக்கு மேல் பேருந்து, சைக்கிள், அலுவலக வண்டி எல்லாம் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பது ஆபத்து. பின்னால் வரும் சைக்கிள் மணியை அது அமுக்கிவிடும்.

ஏரிக்கரை எல்லோரும் சொல்லும் இடம். நீர்க்காகமும் கொக்கும் பார்த்துக்கொண்டிருப்பதே தனிச் சுகம். ஆனாலும் கோடையில் நீர் வற்றினால் சேற்று வாடை அடிக்கும், புதரோரம் பாம்பு இருக்கும், இருட்டிய பிறகு போகவே கூடாது. பாதையை விட்டு இறங்காமல் பகலில் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

நூலகம் அமைதியானதுதான், ஆனால் அங்கே மனம் இளைப்பாறாது. சுற்றிலும் எல்லோரும் படித்துக்கொண்டிருக்க நாம் மட்டும் கண்ணை மூடினால் குற்ற உணர்ச்சிதான் வரும். எண்ட்செம் எனும் பருவ இறுதித் தேர்வுச் சமயத்தில் நாற்காலியே கிடைக்காது. வெளியே 40 டிகிரி அடிக்கிற மதியத்துக்கு, சன்னலோரத்தில், மரம் தெரிகிற பக்கமாக ஓர் இருக்கை கிடைத்தால் உட்காரலாம். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பீலியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பூசை நேரத்தைத் தவிர்த்துப் போனால் சற்று நேரம் நிம்மதியாக இருக்கலாம்.

குரங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பல நல்ல காலைப் பொழுதுகளைக் கெடுப்பவை அவைதான். பிளாஸ்டிக் உறை சரசரத்தாலே தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். சாப்பிட எதையும் எடுத்துப் போகாதீர்கள்; போனால் மூடிபோட்ட டப்பாவில், பைக்குள். எதிரே வந்தால் முறைத்துப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. பார்வையைத் தாழ்த்தி, முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனை போய் ரேபிஸ் தடுப்பூசி தொடங்க வேண்டும். ‘சின்னக் கீறல்தானே’ என்று விடவே கூடாது. மான்களுக்கு எதையும் ஊட்ட வேண்டாம், பிஸ்கட் உறையைக் கூடக் கீழே போட வேண்டாம். பிளாஸ்டிக் அதன் இரைப்பையில் தங்கி உயிரை எடுக்கும். நம் மனபாரத்தை இறக்கிவைக்க இடம் கொடுக்கிற காட்டுக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை அது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. எவ்வளவு நேரம், என்ன செய்வது? மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயற்கைச் சூழலில் இருந்தவர்களின் எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 20 முதல் 30 நிமிடம் வரை அது குறையும் வேகம் அதிகம். அதற்கு மேல் இருந்தாலும் பலன் உண்டு, வேகம் மட்டும் தணிந்துவிடும். அந்த நேரத்தில் போன், பேச்சு, படிப்பு எதுவும் கூடாது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. இங்கே பலரும் கோட்டைவிடுவது இதில்தான். மரத்தடியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘ஒண்ணும் வித்தியாசம் தெரியல’ என்கிறார்கள். போனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, விமானப் பயன்முறையில் போட்டுப் பைக்குள் தள்ளிவிடுங்கள். அலாரம் இல்லாவிட்டால் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதோ என்ற பதற்றத்திலேயே பொழுது போய்விடும்.

மூச்சுப் பயிற்சி செய்வதென்றால் மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. இதுவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்றால் தேவைக்கு அதிகமாகக் காற்றை இழுத்து வெளியேற்றுகிறீர்கள், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், சற்று நேரத்தில் சரியாகிவிடும். அடுத்த முறை ஆழமாக இழுக்காமல் மெதுவாக மட்டும் இழுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரத்தடியை மறந்துவிடலாம். ஈரம் ஒருபக்கம், ஏடிஸ் கொசு இன்னொரு பக்கம். டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசு பகலில் கடிப்பது; விடிந்த சில மணி நேரமும் இருட்டுவதற்கு முன்னும் அதிகம், அதாவது நாம் அமைதி தேடிப் போகும் அதே நேரங்கள். முழுக்கால் சட்டை, கணுக்காலிலும் முழங்கையிலும் கொசு விரட்டிக் களிம்பு. வியர்த்துவிட்டால் திரும்பத் தடவ வேண்டும். பலத்த காற்று வீசும் நாளில் மரத்தடிக்குப் போகவே போகாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன, இந்த வளாகமும் தப்பவில்லை. மழைநாளில் வகுப்பு முடிந்த பிறகு காலியாக இருக்கும் கட்டடங்களின் மாடி நடைபாதைகள் அருமையான இடம்: சாரல் படாத உள்பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு மழையைப் பார்க்கலாம், தேங்கிய நீருக்கு மேலே இருப்பதால் கொசுவும் குறைவு. விளக்கு எரியும் தளமாகப் பாருங்கள். எங்கே போகிறீர்கள் என்று அறைத்தோழரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்த மரத்தடியும் போதாத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்தது எதிலும் நாட்டமில்லை என்றால் தனியாகப் போய் உட்காராதீர்கள். வளாக ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலே அந்த நிமிடமே 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் சேவை அது; 24 மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். நண்பர் ஒருவர் அப்படி இருப்பதாகத் தோன்றினால் அவருக்காக நீங்களும் அழைக்கலாம், அழைத்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே இருங்கள்.