பைபிளின் சங்கீதத்தை அப்படியே பாடுவதா, பைபிள் வசனத்திலிருந்து பிறந்த பாட்டா?

ஜெபக்கூட்டத்துக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது.

வேதத்துக்கு நெருக்கம்: 1650-ல் வெளிவந்த ஸ்காட்லாந்து சங்கீதப் புத்தகம் 23-ம் சங்கீதத்தைக் கிட்டத்தட்ட வரிக்கு வரி பாட்டாக்கியது. மேய்ப்பர், புல்வெளி, எண்ணெய், நிரம்பி வழியும் பாத்திரம் என எதுவும் விடுபடவில்லை. ஆங்கிலப் போதகர் ஜான் நியூட்டனின் 'அமேசிங் கிரேஸ்' பாட்டு வேறு ரகம். 1773 புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக எழுதப்பட்டது. அடிப்படை 1 நாளாகமம் 17: "நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?" என்று தாவீது வியக்கும் இடம். பாட்டில் தாவீதின் பெயரே கிடையாது. தேவன் இதுவரை நடத்தி வந்ததை நினைக்கும் அந்த வியப்பு மட்டும் இருக்கிறது.

பாட எளிது: இதில் இரண்டாவதுதான். சங்கீதத்தை வரிகளுக்கு 8, 6, 8, 6 என்ற அசைக்கணக்கில் அடைக்கும்போது சொல்வரிசை முறுக்கிக்கொள்ளும். (வேடிக்கை என்னவென்றால் நியூட்டன் பாட்டும் அதே கணக்குதான். மெட்டை மாற்றிப் பாடிப் பாருங்கள், பொருந்தும்!)

மனப்பாடம்: சங்கீதப் பாட்டு தெரிந்தால் அதிகாரமே மனதில் நின்றுவிடும். மற்றதில் வசனத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

அப்புறம், ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் 1719-ல் செய்தது நடுவழி. 98-ம் சங்கீதத்தைக் கிறிஸ்துவின் வெளிச்சத்தில் திருப்பி எழுதினார். அதுதான் 'ஜாய் டு த வேர்ல்ட்'.

பிள்ளைகளுக்கு வசனம் கற்பிக்க முதல் வகை. சாட்சி சொல்லும் கூட்டத்துக்கு நியூட்டன் வகை.