செட்டிநாட்டுச் செம்மண்ணில் ரிமோட் டாங்கி: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பதினாறில் ஒரு பங்கு அளவிலான ரிமோட் டாங்கிகளைக் கட்டி ஒன்றையொன்று சுட்டுச் சண்டையிடவிடும் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, பணத்தை எதில் போடுவது என்பதைத்தான். காரைக்குடியில் சில ஆண்டுகளாக இவற்றை ஓட்டிவருபவன் என்ற முறையில், முதலில் கியர்பாக்ஸ், அடுத்து பேட்டரி, மற்றதெல்லாம் அதற்குப் பின்தான் என்பேன். புகை, எஞ்சின் ஒலி, சுடும்போது குழல் பின்வாங்குவது ஆகியவை பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கோடை கடந்த பிறகும் வண்டி ஓடுமா என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

நான் அதிகம் ஓட்டியது, ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஏ6 மாதிரியின் அடிச்சட்டத்தின் மேல் நமது இந்திய ராணுவ டாங்கியான அர்ஜுனின் உடலைக் கட்டிய வண்டி. அர்ஜுனுக்கு இந்த அளவில் ஆயத்த மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு டாங்கிகளுக்கும் பக்கத்துக்கு ஏழு ஓடுசக்கரங்கள் என்பதாலும், அசல் அர்ஜுனின் அகலம் ஏறத்தாழ 3.86 மீட்டர், லெப்பர்டின் அகலம் சுமார் 3.75 மீட்டர் என்பதால் மாதிரியில் வித்தியாசம் 7 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதாலும், பக்கத்தகடுகளைச் சற்றுத் தடிமனாக வைத்தே அதைச் சரிக்கட்ட முடிந்தது. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. ஷீட்டில் உடலை வெட்டி ஒட்டினேன். குழலை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார்கள். அசலின் 120 மி.மீ. துளை இங்கே 7.5 மி.மீ. ஆகிவிடுவதால், குண்டுக்குப் பதில் ஒளித்துடிப்பால் சுடுவதற்கான 5 மி.மீ. அகச்சிவப்பு எல்.இ.டி. அதற்குள் தாராளமாக அமர்ந்துகொண்டது.

எடை விஷயத்தில் மட்டும் அளவு பொருந்துவதில்லை. அர்ஜுனின் எடை 58 டன்னுக்கு மேல். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றாவதால், கன அளவில் சுருக்கினால் மாதிரி 14 கிலோ இருக்கவேண்டும், என் வண்டியோ 5 கிலோவைக்கூடத் தொடவில்லை. அதனால் சிறு கல்லில் ஏறினாலும் துள்ளுகிறது. ஈயம் வைத்து எடை கூட்டலாம் என்பார்கள். கூட்டிய எடையையும் கியர்பாக்ஸ்தான் சுமக்கவேண்டும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

டாங்கியின் சக்கரங்கள் காரைப்போல ஒடிந்து திரும்புவதில்லை; ஒருபக்கச் சங்கிலியை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டும்போது, நிற்கிற சங்கிலி முழுவதும் தரையோடு பக்கவாட்டில் உரசிக்கொண்டு திரும்புகிறது. இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் கலந்துகிடக்கும் சரளைக்கற்களுள் ஒன்று, சங்கிலியை இழுக்கும் பல்சக்கரமான இழுசக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் சிக்கிவிட்டால், மோட்டார் விடாமல் இழுக்கும், பற்கள் முறியும். வண்டியோடு வந்த பிளாஸ்டிக் கியர்களின் கதை அப்படித்தான் முடிந்தது. அதன்பின் போட்ட எஃகுக் கியர்கள் இன்றுவரை உழைக்கின்றன. ஆனால் கிரீஸை அள்ளிப் பூசக்கூடாது. ஒருமுறை திறந்து பார்த்தபோது, கிரீஸும் செம்மண் புழுதியும் சேர்ந்து, உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் சிவப்புக் களிம்பு பற்களின் இடுக்கெல்லாம் அப்பிக்கிடந்தது. இப்போது மிகச் சிறிதளவு லித்தியம் கிரீஸ் மட்டும் இட்டு, பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டிவிடுகிறேன்.

பேட்டரி இரண்டு செல்கள் கொண்ட 7.4 வோல்ட் லித்தியம் அயான். நின்ற இடத்தில் திரும்பும்போது மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து மறுபடி எழும். மோதலில் அந்த ஓரிரு நொடி போதும், எதிரி சுட்டுவிடுவான். மலிவான செல்களுக்கு மாற்றாக அதிக மின்னோட்டம் தரும் செல்களைப் போட்டு, வயரையும் தடிமனாக்கியதும் இந்தத் தொல்லை ஒழிந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில், நல்ல செல்லுக்கு வெளியூர்ப் பார்சலைத்தான் நம்பவேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

சண்டைக்கு 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் வகையும் உண்டு. பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடத்தில் கண்ணாடி அணியாமல் அதை ஓட்டக்கூடாது என்பதால் நாங்கள் அகச்சிவப்பு முறைக்கே வந்துவிட்டோம். மேற்கூண்டின் மேல் நிற்கும் உணரி நான்கு திசையிலும் எதிரியின் ஒளித்துடிப்பை வாங்கி, அடி எண்ணிக்கையைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அடிபட்ட வண்டி குலுங்கும், அடி சேரச்சேர வேகம் குறையும், கடைசியில் நின்றுவிடும். கனரக வண்டி அதிக அடி தாங்கும், ஆனால் மறுசுடுகைக்கு அதிக நேரம் எடுக்கும் என்ற ஏற்பாடு ஆட்டத்தைச் சுவையாக்குகிறது.

இம்முறைக்கு இந்த ஊரில் இரண்டு எதிரிகள். உச்சிவெயிலில் சூரியனிலிருந்து வரும் அகச்சிவப்பே உணரியைத் திணறடித்துவிடுவதால், வற்றிய கண்மாயில் ஆடுவதென்றால் மாலை ஐந்தரைக்கு மேல்தான் சரிப்படுகிறது. வீட்டுக்குள், நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆடினாலோ, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் ஒளியைத் திருப்பியடிக்கிறது. தூணுக்குப் பின்னால் பதுங்கிய வண்டிக்கும் சுவரில் பட்டுத் தெறித்த அடி விழுகிறது. சிலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, கோணம் பார்த்துச் சுவரைச் சுடும் வித்தை ஒன்று அதனால் உருவாகியிருக்கிறது. ஆனால் உலோகச் சங்கிலியோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஏறினால், "தரையக் கீறுறதுன்னா ரோட்டுல போயி ஓட்டுங்கப்பா" என்று ஆச்சி சொல்லிவிடுவார்கள். சொல்வதில் நியாயம் உண்டு. கீறலோடு, அந்த வழவழப்பில் உலோகத்துக்குப் பிடிப்பும் கிடைப்பதில்லை. ரப்பர் பட்டைகள் பதித்த சங்கிலி இரண்டு குறையையும் தீர்க்கிறது, விலை மட்டும் அதிகம்.

பராமரிப்பில் தொடர்ந்து கவனிக்கவேண்டியது, சங்கிலியின் கண்ணிகளைக் கோத்து நிற்கும் முள்கள். ஓடஓட அவை பக்கவாட்டில் நகர்ந்து வெளியே நீட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் சிறு சுத்தியால் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, அதன்பிறகு முன்சக்கரத்தை நகர்த்திச் சங்கிலியின் தொய்வைச் சரிசெய்யவேண்டும். மாற்று முள்களும், இழுசக்கரம் ஒரு ஜோடியும், ஓர் உபரிக் கட்டுப்பாட்டுப் பலகையும் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பார்சல் வந்துசேரும்வரை வண்டி சும்மா கிடக்காது.