ரெக்ஸா, மக்குலாட்டாவா, இரும்புச் சிலுவையா? நம் இரவைத் தாங்கும் பெகோனியா எது?

இலை அழகுக்காகப் பெகோனியா வாங்கப் போகிறவர்களின் கை முதலில் போவது ரெக்ஸ் வகைக்குத்தான். என் கையும் அங்கேதான் போனது. ஒரே இலையில் வெள்ளி, ஊதா, கருஞ்சிவப்பு. அதன் பக்கத்தில் வைத்த செடிகள் எல்லாம் கீரைக்கட்டாகத் தெரிந்தன. வாங்கி வந்த ஐந்தாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால், இலைக்காம்புகளின் அடிப்பகுதி நீர் கோத்துக் கண்ணாடிபோல் ஆகி, செடி முழுவதும் தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தது. தொட்டதும் காம்பு கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கிளறினால் வேர் இருந்த இடத்தில் பழுப்புக் கூழ்.

அதற்குப் பிறகு சிங்கப்பூரின் ஈசூனில் நான்காம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், கிழக்கு பார்த்த தாழ்வாரத்திலும் படுக்கையறை சன்னலோரத்திலும் எட்டு ஆண்டுகளாகப் பெகோனியா வளர்க்கிறேன். எந்த வகை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: செடி இரவில் எங்கே இருக்கப்போகிறது?

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் வளர்ப்புக் குறிப்புகள் ஈரப்பதத்தைப் பற்றியே ஓயாமல் கவலைப்படும். நமக்கு அந்தக் கவலை தேவையில்லை. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. குளிர்காலத்தில் செடி உறங்கும் என்பதும் நமக்குப் பொருந்தாது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். நம் சிக்கல் இரவு வெப்பம். விடியற்காலையில்கூட வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசத்துக்குச் செலவழிக்கிறது. இரவு வெப்பமாக இருந்தால் செலவு கூடுகிறது. நிழல் செடியான பெகோனியாவின் வரவோ குறைவு. வரவுக்கு மேல் செலவானால் செடி மெலியும். அந்த நிலையில் வேரடி மண் ஈரமாகவே கிடந்தால் அழுகல் பூஞ்சைகளுக்கு வழி திறந்துவிடும். என் முதல் ரெக்ஸுக்கு நடந்தது இதுதான். நான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அது தினமும் மெலிந்தது.

ரெக்ஸ் இப்படி இருப்பதற்கு அதன் பிறப்பே காரணம். மூலச் செடியான பெகோனியா ரெக்ஸ், அசாம் பக்கத்து மலைக்காடுகளைச் சேர்ந்தது. 1850களில் ஆர்க்கிட் செடிகளோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனது. 1857இல் பெல்ஜியத் தாவர ஆய்வாளர் ஜூல்ஸ் புட்சேஸ் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அதன் பிறகு ஐரோப்பியர்களும் மற்றவர்களும் கண்ணாடிக் கூடங்களில் ஒன்றோடொன்று கலந்து கலந்து உருவாக்கியவைதான் இன்று கடையில் ரெக்ஸ் என்ற பெயரில் கிடைப்பவை. நத்தை ஓடுபோல் சுருண்ட இலையுள்ள 'எஸ்கார்கோ' அவற்றில் ஒன்று. மலைச்சாரலின் குளிர்ந்த இரவு இவற்றின் உடம்பில் ஊறியிருக்கிறது. 18 முதல் 24 டிகிரி வரைதான் இவற்றுக்குச் சுகம்.

அப்படியானால் ரெக்ஸை விட்டுவிடலாமா? என்னால் விட முடியவில்லை. அந்த வெள்ளி நிறத்தை ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர்களால் முடியாது. அது சாயம் அல்ல. இலையின் மேல்தோலுக்கும் அதன் கீழே உள்ள பச்சையத் திசுவுக்கும் நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றில் பட்டு ஒளி திரும்புவதால்தான் வெள்ளியாக மின்னுகிறது. வெள்ளிக்குக் கீழே பச்சையம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

இரவில் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை இருந்தால் ரெக்ஸை வைத்துக் காப்பாற்றலாம். வேறொரு தொல்லை அங்கே காத்திருக்கும்: குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இலை விளிம்பு காய்ந்து சுருளும். குளிரும் வேண்டும், ஈரமும் வேண்டும். மேலே விரற்கடை அளவு திறந்திருக்கும் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, அந்த அலமாரியைக் குளிர்சாதன அறையில் வைத்தபோதுதான் என் இரண்டாவது ரெக்ஸ் ஓராண்டைத் தாண்டியது. ஒரு செடிக்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ரெக்ஸ் வேண்டாம் என்பதே என் பதில்.

மக்குலாட்டா நேர் எதிர். பிரேசிலைச் சேர்ந்த கணுத்தண்டு வகை. மூங்கில்போல் கணு விட்டு நிமிர்ந்து வளரும். தேவதைச் சிறகுபோல் ஒருபக்கம் நீண்ட இலை, மேலே சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள், திருப்பினால் செம்பருத்திச் சிவப்பு. நம் தாழ்வாரத்து இரவை இது பொருட்படுத்துவதில்லை. காலை பத்து மணிவரை படும் இளவெயில் இருந்தால் ஆண்டு முழுவதும் வளரும், பூக்கவும் செய்யும். பூத்தால் கிள்ளி எறியாமல் ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாக இருக்கும். பெண் பூவின் பின்னால் மூன்று சிறகுள்ள சின்னக் கூடுபோல் சூலகம் தெரியும். ஆண் பூவில் அது இருக்காது.

இதன் குறை அழகில்தான் தெரியும். இரண்டாம் ஆண்டில் அடி இலைகள் உதிர்ந்து, வெறும் குச்சியின் உச்சியில் நான்கு இலையோடு நிற்கும். இரண்டு மூன்று கணு மட்டும் விட்டு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வெட்ட வேண்டும். பலரும் வெட்டத் தயங்கியே செடியைக் கெடுக்கிறார்கள். வெட்டினால் அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பும்; வெட்டிய துண்டுகள் கணுவோடு இருந்தால் தண்ணீரிலேயே வேர் விடும். வெறும் இலையை மட்டும் நட்டால் வேர் வரலாம், செடி வருவதில்லை. இன்னொன்று, ஆளுயரம் வளர்ந்து சாயும் செடி தாழ்வாரத்தில் இடத்தை அடைக்கும். 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதியை நினைவில் வைத்துத் தொட்டியை நிறுத்துங்கள்.

என் மனம் சாய்வது மூன்றாவது அணிக்கு. இஞ்சிபோல் மண்ணை ஒட்டிப் படரும் கிழங்குத்தண்டு வகைகள். ரெக்ஸும் இவற்றுக்கு உறவுதான். ஆனால் இவை அந்த அளவுக்கு இளகியவை அல்ல. இவற்றில் இரும்புச் சிலுவை எனப்படும் பெகோனியா மசோனியானாவுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1952இல் மாரிஸ் மேசன் என்ற ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் இதைப் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலிருந்துதான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவர் பெயரையே செடிக்கு வைத்தார்கள். அதன் சொந்த ஊர் தென்சீனாவும் வியட்நாமும் என்பது பின்னர்தான் தெளிவானது. உலகம் முழுவதும் சன்னலோரங்களில் நிற்கும் இந்தச் செடி நம் பூமலையைக் கடந்து போனது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

இலையைத் தடவிப் பார்த்தால் பலாப்பழத் தோல்போல் சின்னச் சின்ன முகடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முடி. நடுவே காம்பு சேரும் இடத்திலிருந்து கரும்பழுப்புச் சிலுவை விரியும். இலைமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. முகடுகளுக்கு நடுவே நீர் தங்கிப் புள்ளி விழும். மெக்சிகோவைச் சேர்ந்த பெகோனியா போவெரேயும் அதன் வழிவந்த 'டைகர் பாஸ்' கலப்பினமும் சிறியவை, இலை விளிம்பில் கண்ணிமை முடிபோல் மயிர் இருக்கும், இன்னும் எளிதானவை. கிழங்குத்தண்டில் நீர் சேமிப்பு இருப்பதால், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினாலும் இவை காத்திருக்கும். அகலமான, ஆழமில்லாத தொட்டி. தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் பாதிப்பாதி. தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

இந்த வகையின் பெரிய இன்பம், ஒரே ஓர் இலையிலிருந்து செடி எடுப்பது. முதிர்ந்த இலை ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்து நரம்புகளை நான்கைந்து இடங்களில் பிளேடால் குறுக்கே கீறி, ஈரமான நார்த்தூள்மேல் படுக்க வைத்து, மூடியுள்ள பெட்டியில் நிழலில் வைத்தேன். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் மூடியைத் திறந்தபோது, கீறிய இடங்களில் கடுகளவு இளஞ்சிவப்பு முளைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தக் கடுகளவிலேயே இலையின் ஒருபக்கச் சாய்வு இருந்தது. ரெக்ஸிலும் இது நடக்கும். ஆனால் நம் வெப்பத்தில் பாதிக்குமேல் முளைப்பதற்குள் இலை அழுகிவிடும்.

நீலமாக ஒளிரும் மயில் பெகோனியாவையும் பலர் கேட்கிறார்கள். பெகோனியா பவோனினா, மலேசிய மலைக்காட்டுச் செடி. பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லிதான் 1909இல் இதை விவரித்தவர். மங்கிய ஒளியைக் கூடுதலாகப் பிடிப்பதற்காக இதன் பசுங்கணிகங்கள் (பச்சையம் தாங்கும் நுண்ணுறுப்புகள்) ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருக்கின்றன என்றும், அதனால் ஒளிச்சேர்க்கைத் திறன் 5 முதல் 10 விழுக்காடு கூடுகிறது என்றும் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். வெளிச்சம் கூடினால் நீலம் மங்கும், வெப்பம் கூடினால் செடியே மங்கும். குளிரூட்டிய கண்ணாடிப் பேழை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

எந்த வகையை வாங்கினாலும் ஒன்று. கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைக்கச் சொல்லும் வெளிநாட்டு யோசனையை இங்கே செய்யாதீர்கள். 20 காசு நாணய அளவுத் தண்ணீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிடும். நம் செடிக்கு அந்தத் தட்டு தேவையும் இல்லை. அதற்குப் பதிலாகச் சின்ன மின்விசிறி ஒன்றைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். சாம்பல் பூஞ்சையைத் தடுக்கக் காற்றோட்டத்தைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. பூனை வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆக்சலேட் நஞ்சு பெகோனியாக்களில் உண்டு, கிழங்கிலும் வேரிலும் அதிகம்.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா வந்து, "தம்பி, எனக்கு ஒரே ஒரு செடி போதும். மகள் வேலைக்குப் போனபின் வீட்டில் பேச்சுத்துணைக்கு இருக்கட்டும். எதைக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்கள் வீட்டில் குளிர்சாதனம் கிடையாது. சமையலறை சன்னல் கிழக்கு பார்த்தது. ரெக்ஸ் பக்கம் அவர்கள் கண் போனதைப் பார்த்தேன். அதன் இரவைப் பற்றிச் சொன்னேன். பெட்டியில் முளைத்த இரும்புச் சிலுவைக் கன்றுகளில் நல்ல வேர் உள்ளதாக ஒன்றைப் பிரித்து, பழைய தயிர் டப்பாவில் அடியில் ஐந்து துளை போட்டு நட்டுக் கொடுத்தேன். நேற்று கதவைத் தட்டி, மூன்றாவது இலையில் சிலுவை தெரிய ஆரம்பித்துவிட்டது என்று காட்டிவிட்டுப் போனார்கள்.