நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்': 28 நிமிடம், ஒரே கிட்டார்

ரங்கூனில் 1948-இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த பாடகர் நிக் டிரேக் பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் வாசிப்பார். முதல் இரண்டு ஆல்பங்களில் வயலின் கூட்டமும் டிரம்ஸும் உண்டு. 1972-இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'பிங்க் மூன்'-இல் அவரும் அவர் கிட்டாரும்தான். தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ, அதுவும் அவரே. லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில், ஜான் வுட் ஒலிப்பதிவில் இரண்டே இரவுகளில் முடிந்த வேலை. பதினொரு பாட்டு.

கேட்கும்போது கிட்டாரின் தடித்த தந்திகளை மீட்டும் கட்டைவிரலைக் கவனியுங்கள். குரல் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து வரும், கட்டைவிரலின் தாளம் பிசகாது. இந்த ஆல்பத்தின் உயிரே அதுதான்.

கிட்டார்காரர்களுக்கு: தலைப்புப் பாட்டுக்குத் தடித்த தந்தியிலிருந்து சி-ஜி-சி-எஃப்-சி-இ சுருதி, இரண்டாம் கட்டத்தில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்). ஆறாவது தந்தியை நான்கு அரைச்சுரம் இறக்க வேண்டும்; 5, 4, 3 இரண்டிரண்டு. இரண்டாவதை மட்டும் அரைச்சுரம் ஏற்றுங்கள், அதைக் கடைசியில். இறக்கியதும் கழுத்தின் இழுவிசை குறைவதால் மற்ற தந்திகள் சற்று ஏறிவிடும். இரண்டாம் முறை சரிபார்க்காவிட்டால் கேப்போ போட்டதும் அபசுரம்தான். ஆறாவது தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியில்) உரசினால் 53 தடிமன் தந்திக்குப் பதில் இன்னும் தடித்த 56 போடுங்கள்.

எல்பி வாங்குவதென்றால் தட்டு சுத்தமாக இருக்கட்டும். இவ்வளவு மெல்லிய இசையில் ஒவ்வொரு கீறலும் கேட்கும். சிடியே போதும் என்பேன்.

சிரமம் ஒன்றுதான்: புதிதாகக் கேட்பவருக்கு இது வறண்டுபோய்த் தெரியலாம். அவர்கள் இரண்டாவது ஆல்பமான, 1971-இன் 'பிரைட்டர் லேட்டர்' பக்கம் போகலாம்.